செத்துப்போன ஸ்கீயை ‘ராக்கர்’ என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

கடையின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் அலைய எனக்குத் தெம்பு இல்லை. கோலாலம்பூரில் பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடைகளே குறைவு. பழைய ஸ்கீ விற்பவை அதிலும் குறைவு. ஆகவே எங்கே வாங்கினாலும் சரி, இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்.

நான் செந்தூலில் இருப்பவன். ஐந்து குளிர்காலமாக, ஆண்டுக்கு ஒரு வாரம், ஜப்பானின் ஹகுபாவுக்குப் போய் வருகிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் இருக்காமல் பனியில் உருளப் போகிறாயா என்று அம்மா ஆண்டுதோறும் கேட்பார். முதல் இரண்டு முறை ஒழுங்காகத்தான் மலையிலிருந்து இறங்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஹகுபா 47 என்ற ஸ்கீ மையத்தில், வித்தை காட்டுவதற்கென்றே இருக்கும் பார்க்கைப் பார்த்ததும் புத்தி மாறிவிட்டது. பனியைக் குவித்துக் கட்டிய கிக்கரில் ஏறிப் பறக்கிறார்கள், ரெயில் என்கிற இரும்புக் குழாய்மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போகிறார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இந்த ஃப்ரீஸ்டைல் ஆட்டத்தில், மேடும் குழாயும் வரிசையாக வரும் ஸ்லோப்ஸ்டைல், பாதிக்குழாய் போல வெட்டிய பனிப்பள்ளத்தின் சுவர்களில் ஏறும் ஹாஃப்பைப் இரண்டும் 2014 சோச்சியில்தான் ஸ்கீ வீரர்களுக்கு ஒலிம்பிக் போட்டிகளாயின. மலேசியா குளிர்கால ஒலிம்பிக்கில் முதல்முறை கலந்துகொண்டதே 2018 பியோங்சாங்கில்தான். நமக்கு இதெல்லாம் புதிது. அந்தப் புதிதில்தான் ஏமாற்றுகிறவனுக்கு இடம் கிடைக்கிறது.

வாடகை ஸ்கீ அலுத்துப்போய், சொந்தமாக ஒரு ஜோடி வாங்கலாம் என்று போன நவம்பரில் கிளம்பினேன். ஒரு கடைவரிசையின் முதல் மாடி. சுவர் முழுக்கத் தடித்த ஜாக்கெட்டுகள், மேலே சுற்றும் மின்விசிறி, உள்ளே போன ஐந்தாவது நிமிடம் சட்டை நனைந்துவிட்டது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தமிழர். அதுவும் என் சந்தேகத்தைப் பாதி குறைத்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

172 சென்டிமீட்டர் ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேல்பரப்பு முழுக்க ஸ்டிக்கர். அதைத் தரையில் கிடத்திப் பார்த்தேன்.

“அண்ணே, நடுவுல வளைவே இல்லையே?”

“அது பழைய டிசைன் தம்பி. இது ராக்கர். பார்க்ல ஓடுற பசங்க எல்லாம் இப்ப இதுதான் லா கேக்குறாங்க. இங்க பாருங்க, முனை எப்படித் தூக்கியிருக்கு.”

எட்ஜை, அதாவது அடிப்பாகத்தின் ஓர எஃகு விளிம்பைத் தடவினேன். மொழுக்கென்று இருந்தது, அங்கங்கே துரு வேறு.

“அது பார்க் டியூன். ரெயில்ல மாட்டக்கூடாதுன்னு வேணும்னே மழுக்கி வச்சிருக்கு. ரெண்டே சீசன் ஓடின சாமான். கம்பெனி விலை தெரியுமா உங்களுக்கு?”

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கோடு சேர்த்து 1,450 வெள்ளி (ரிங்கிட்). ரசீதில் ‘ஃப்ரீஸ்டைல் ராக்கர் ஸ்கீ, 172’ என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

அவர் சொன்னதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை, அதனால்தான் மாட்டிக்கொண்டேன். ராக்கர் என்று ஒன்று உண்டு. பார்க் ஸ்கீயின் எட்ஜை முனையிலும் வாலிலும் மழுக்குவதும் உண்டு. ஆனால் எது எதற்கு என்று தெரிந்திருந்தால் அந்தக் கடையிலேயே சிரித்துவிட்டு இறங்கி வந்திருப்பேன்.

கேம்பர் என்றால் வில். ஸ்கீயைத் தரையில் வைத்தால் கால் நிற்கும் நடுப்பகுதி எழும்பி நிற்கும்; முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் மட்டுமே தரையைத் தொடும். ஆள் ஏறி நின்றதும் வில் தட்டையாகி, எடை இரு கோடிக்கும் பரவி, எட்ஜ் முழு நீளத்துக்கும் பனியைக் கடிக்கும். லாரிக்கு அடியில் இருக்கிற பட்டை ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கிக்கரின் நுனியில் காலை அழுத்தி எழும்பும்போது அந்த வில் திருப்பித் தள்ளும். பாப் என்பது இதுதான். தரையிறங்கும்போது உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிட்டாலும் வால் ஊன்றிக்கொண்டு தாங்கும். கல்லாக இறுகிய ஹாஃப்பைப் சுவரில் ஏறுகிறவர்கள் கேம்பரை விரும்புவதும் இதனால்தான்.

ராக்கர் நேர்மாறு, தோணியின் அடிப்பாகம் மாதிரி. முனையும் வாலும் வழக்கத்தைவிட முன்கூட்டியே, காலுக்குக் கிட்டேயிருந்தே மேலே எழும்பத் தொடங்கும். ஷேன் மெக்காங்கி என்ற வீரர் நீர்ச்சறுக்குப் பலகையிலிருந்து இந்த யோசனையை எடுத்தார். 2000-களின் தொடக்கத்தில் வோலன்ட் நிறுவனம் அதை ஸ்பேச்சுலா என்ற பெயரில் ஸ்கீயாகக் கொண்டுவந்தது. அது பார்க்குக்காகப் பிறந்ததில்லை. இடுப்பளவுப் புதுப்பனியில் முனை புதையாமல் மிதப்பதற்காகப் பிறந்தது. பார்க்கிலும் அதற்கு வேலை இருக்கிறது: நின்ற இடத்தில் எளிதாகத் திரும்பும், முனைமேல் சாய்ந்து சுழலும் பட்டர் வித்தைகள் லேசாக வரும், கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் எட்ஜ் சட்டென்று மாட்டி ஆளைக் கவிழ்க்காது. ஆனால் விலையும் உண்டு. பனியைத் தொடும் நீளம் குறைந்துவிடும், இறுகிய தரையில் பிடிப்பு குறையும், வேகத்தில் முனை படபடக்கும், பின்னால் சாய்ந்து இறங்கினால் தாங்க வால் இருக்காது. அதனால்தான் இன்றைய பார்க் ஸ்கீகளில் பல, காலுக்கு அடியில் வில்லும் இரு கோடியிலும் தோணியுமாகக் கலந்து வருகின்றன. நடுவில் ஒரு வளைவும் இல்லாமல் தட்டையாகவே செய்யும் ஸ்கீயும் இருக்கிறது. அது செய்யும்போதே அப்படி. நான் வாங்கியது செய்யும்போது அப்படி இல்லை.

பிப்ரவரியில் ஹகுபா. முதல் நாள் காலை, இரவு உறைந்த தரை இன்னும் இளகவில்லை. முதல் திருப்பத்திலேயே இரண்டு ஸ்கீயும் ஆளுக்கொரு பேச்சுப் பேசின. வலது திரும்பினால் இடது நேராகப் போனது. என் கால்தான் சரியில்லை, பதினோரு மாதம் தொடாமல் இருந்தால் இப்படித்தான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மதியம் பார்க்குக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், ரெயிலில் மோசமில்லை. மழுங்கிய கத்தி எங்கே மாட்டப்போகிறது? நடுத்தரக் கிக்கரில்தான் தெரிந்தது. நுனியில் அழுத்தினேன், ஈரச் சாக்கை மிதித்தது போல எதுவும் திரும்பி வரவில்லை. மேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்க வேண்டியவன், தூரம் பற்றாமல் மேட்டின் மேலேயே விழுந்தேன். அடுத்த முறை கூடுதல் வேகத்தில் போய்ச் சரிவை எட்டிவிட்டேன், ஆனால் லேசாகப் பின்னால் சாய்ந்துவிட்டது. முன்பு வாடகை கேம்பரில் எத்தனையோ தடவை இப்படிச் சாய்ந்து தப்பித்திருக்கிறேன். இந்த முறை கால் முன்னால் ஓடியது, நான் பின்னால் விழுந்தேன். இடது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. எலும்பு முறியாதது முருகன் புண்ணியம்.

சாயங்காலம் ஹப்போ பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்கீ பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். உள்ளே வயதான ஜப்பானியர். இருவருக்கும் ஆங்கிலம் சுமார்தான், ஆனால் பேச்சே தேவைப்படவில்லை. ஸ்கீ இரண்டையும் அடிப்பாகம் அடிப்பாகத்தோடு சேர்த்து நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு விற்பனைக்கு வைத்திருந்த புது ராக்கர் ஜோடியை எடுத்து அதே மாதிரி பிடித்துக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது.

புது ராக்கர் ஜோடி நடுவில் ஒட்டி, இரு கோடியிலும் மெல்ல மெல்ல, ஒரே சீராகப் பிரிந்தது. இரண்டு ஸ்கீயும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். என் ஜோடி அடியிலிருந்து மேல்வரை பலகை போல ஒட்டிக்கொண்டிருந்தது. முனை நெருங்கும்போது வலது ஸ்கீ மட்டும் திடீரென்று ஒடித்தது போல மேலே விலகியது. கடைக்காரர் எனக்கு ‘ராக்கர்’ என்று காட்டியது அந்த முனையைத்தான். எங்கேயோ மோதி வளைந்த முனை. மற்றபடி இது கேம்பர் ஸ்கீ, பல சீசன் வாடகைக்கு ஓடி ஓடி வில் செத்துப்போனது. நடுவில் குழி விழுந்த பழைய மெத்தையை ‘உடம்புக்கு ஏற்ற வடிவம்’ என்று விற்பது போல இருக்கிறது கதை.

பெரியவர் அதோடு விடவில்லை. ஸ்டிக்கர்களைச் சூடுகாட்டி உரித்தார். அடியில் மாடல் பெயர் வந்தது. அதே பெயரை என் கைப்பேசியில் தேடினால், கம்பெனி கேம்பராகச் செய்த சாதாரண மலை ஸ்கீ, பார்க்குக்கு உரியதே அல்ல. வாலுக்குப் பக்கத்தில் வாடகைக் கடை எண் சுரண்டப்பட்ட தடம். பைண்டிங்கும் வாடகை ரகம், எந்த பூட்ஸுக்கும் நகர்த்திப் பொருத்துகிற, பக்கத்தில் மில்லிமீட்டர் எண்கள் அச்சிட்ட தண்டவாளம் வைத்தது. அது ஸ்கீயின் மையத்திலிருந்து 9 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. பார்க்கில் பின்னோக்கி ஓடுகிறவர்கள் பைண்டிங்கை மையத்திலோ அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் பின்னாலோ வைப்பார்கள். நான் பின்னோக்கிப் போனபோது ஏன் தடுமாறியது, சுழன்றபோது முன்பாரம் ஏன் இழுத்தது என்பதற்கெல்லாம் விடை அங்கே இருந்தது. எட்ஜ் பற்றிக் கேட்டேன். விரலால் நடுப்பகுதியைக் காட்டித் தலையை ஆட்டினார். பார்க்குக்கு மழுக்குகிறவர்கள் தேவையான இடத்தில் மழுக்குவார்கள். இது முழு நீளமும் தேய்ந்து, எஃகே மெலிந்து போயிருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் துடைக்காமல் தொங்கவிட்டதில் துருவும் ஏறிவிட்டது.

ஆகவே கடையில் இதைச் செய்யுங்கள், இரண்டு நிமிடம் போதும். ஜோடியை அடியோடு அடி சேர்த்துப் பிடியுங்கள். கேம்பர் என்றால் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும், கையால் அமுக்கினால் மூடி, விட்டதும் துள்ளித் திறக்க வேண்டும். ராக்கர் என்றால் கோடிகள் சீராக, இரண்டு ஸ்கீயிலும் ஒரே இடத்திலிருந்து பிரிய வேண்டும். ஒற்றை ஸ்கீயைச் சமதரையில் வைத்து முனையிலிருந்து ஒரு காகிதத்தை அடியில் செருகுங்கள், அது எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். அடுத்த ஸ்கீயிலும் அதே இடத்தில் நிற்காவிட்டால் ஒன்று வளைந்திருக்கிறது. மாடல் பெயரை மறைக்கும் ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்து ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மீதி நாட்களை வாடகை ஸ்கீயில் ஓட்டினேன். ஊர் திரும்பியதும் கடைக்குப் போன் அடித்தேன். “உங்களுக்கு ஓட்டத் தெரியலன்னா சாமான் என்ன பண்ணும் தம்பி?” என்றார். மணிக்கட்டைவிட அதுதான் அதிகம் வலித்தது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது எல்லாரும் திரிபுனல் என்று சொல்வதில், மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான் இது செல்லும். தனி ஆளிடம் வாங்கினால் இந்த வழி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ரசீது, ஹகுபாவில் எடுத்த படங்கள், கம்பெனியின் மாடல் விவரம் எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்தேன். பழைய சாமான் பழையதாகத்தான் இருக்கும் என்று அவர் வாதாடலாம்; ஆனால் ரசீதில் ‘ராக்கர்’ என்று எழுதியது அவர் கை. விசாரணை நாளன்று உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே, நடைபாதையில் வைத்து, முழுப் பணத்தையும் தருகிறேன், சாமானைக் கொடுத்துவிடு என்றார். ஒப்புக்கொண்டேன், இருவரும் உள்ளே போய் அதையே பதிவு செய்தோம். 1,450 வெள்ளி வந்து சேர்ந்தது. வாடகைச் செலவையும் மருந்துச் செலவையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை.

போன வாரம் நண்பன் ஒருவன் ஒரு விற்பனைப் படத்தை அனுப்பி, “இது நல்லதா மச்சான்?” என்று கேட்டான். புது ஸ்டிக்கர்கள், ‘ஃப்ரீஸ்டைல் ராக்கர், பார்க் டியூன், 172’, விலை 1,600. வலது ஸ்கீயின் வாலில், கட்டைவிரல் நீளத்துக்கு, எட்ஜை ஒட்டி ஒரு கீறல் இருக்கிறது. இரண்டாவது முறை விழுந்தபோது நான் போட்டது.