டிரம் மிஷினா, சாம்பிளா? டிஆர்-8எஸ்ஸோடு சில வருட அனுபவம்

ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-8எஸ் என்ற டிரம் மிஷின் என் மேஜைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. பக்கத்திலேயே லேப்டாப், அதில் ஏபிள்டன் என்ற இசை மென்பொருள், கிக், ஸ்னேர், ஹைஹேட் என்று டிரம் அடிகளைப் பதிந்து வைத்த எக்கச்சக்க சாம்பிள்கள். இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சத்தம் மட்டும் வேண்டுமென்றால் முக்கால்வாசி இடங்களில் சாம்பிளே போதும்.

மீதிக் கால்வாசி எங்கே என்று கேட்டால், 1980-ல் வந்த டிஆர்-808 என்ற பழைய ரோலண்ட் டிரம் மிஷினின் ஹைஹேட்டைக் காட்டுவேன். அதற்குள் ஆறு ஸ்கொயர் வேவ் ஆசிலேட்டர்கள் (மின் அலையை எழுப்பும் சர்க்யூட்கள்) நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டெப் (தாளத்தைப் பிரித்த கட்டங்களில் ஒன்று) வரும்போது அந்த ஓட்டத்தில் ஒரு துண்டு மட்டும் நம் காதுக்கு வரும், அதனால் எந்த இரண்டு அடியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. சாம்பிளில் அதே துண்டுதான் திரும்பத் திரும்ப விழுகிறது. பதினாறு ஸ்டெப்பிலும் ஹேட் போட்டுப் பாருங்கள், தையல் மிஷின் ஓடுவதுபோல் கேட்கும். 808-இன் கிக்கும் ஹேட்டைப் போல மாறக்கூடியதுதான். டிகேயை, அதாவது அடி அடங்க எடுக்கும் நேரத்தை, நீட்டி வைத்து அடுத்தடுத்து இரண்டு அடி விட்டால், முதல் அடியின் அதிர்வு அடங்குவதற்குள் இரண்டாவது அதன்மேல் ஏறி வேறொரு சத்தமாக வரும்.

அதற்குப் பிறகு வந்த ரோலண்ட் டிஆர்-909-இன் கதை வேறு. அந்த ஒரிஜினல் மிஷினிலேயே ஹைஹேட்டும் சிம்பலும் 6-பிட் சாம்பிள்கள்தான். அந்த ஹேட்டுக்காக ஒரு பெட்டி வாங்குவது வீண் செலவு.

டிஆர்-8எஸ் அனலாக் மிஷின் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சர்க்யூட் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டு ஓட்டும் டிஜிட்டல் மிஷின் அது. அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன்? ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் தள்ளி ஏற்றி இறக்கும் பதினொரு ஃபேடர்களுக்காக. பாட்டர்ன் (தாளக் கோர்வை) ஓடும்போதே இடது கை கிக்கின் டிகேயில் இருக்கும், வலது கை ஹேட் ஃபேடரில் இருக்கும், பேஸ் லைன் போகும் சுருதிக்குக் கிக்கின் ட்யூனைத் திருகித் திருகி, இரண்டும் ஒட்டும் இடம் வந்ததும் விட்டுவிடலாம். லேப்டாப்பில் இதே வேலைக்குக் கிக் ஃபோல்டரைத் திறந்தால் அரை மணி நேரம் போய்விடும், மனதில் இருந்த மெட்டும் கூடவே போய்விடும். எனக்கு இது ஒன்றே கொடுத்த காசுக்குச் சரியாகிவிட்டது.

நம் ஊர்த் தாளத்துக்கு வந்தால், தெம்மாங்கு நடைக்குக் கடைசி ஸ்டெப்பைப் பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டால் போதும். பறை, தவில் சாம்பிள்களை எஸ்டி கார்டு வழியாக உள்ளே ஏற்றிக்கொள்ளலாம், ஒற்றை அடிகள் நன்றாகவே உட்காருகின்றன. உருமிதான் மாட்டாது. குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் நீண்டு, வளைந்து, அழுத்தத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே போகும். அதை ஒரு பட்டனில் அடைக்க முடியாது. அதற்கு மிஷினும் வேண்டாம் சாம்பிளும் வேண்டாம், உருமிக்காரரைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்துங்கள், அவருக்கு உரிய சம்பளத்தையும் கொடுங்கள்.

சாம்பிள் தெளிவாக ஜெயிப்பது திருத்தத்தில். பாட்டு முடிந்து மாதங்கள் கழித்து ஸ்னேரை மட்டும் மாற்றச் சொன்னால், ப்ராஜெக்ட்டைத் திறந்த உடனே எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். மிஷினில் பாட்டர்னையும் கிட்டையும் (அதன் சத்தங்களின் தொகுப்பையும்) தனித்தனியாகச் சேமித்திருக்க வேண்டும், ஓடும்போது திருகிய திருகு எல்லாம் தானாக அதில் வந்துவிடாது. அதனால் தாளம் பிடித்துப்போன அன்றே யுஎஸ்பி வழியாக ஒவ்வொரு வாத்தியத்தையும் தனி டிராக்கில் பதிந்துவிடுவது என் வழக்கம்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் முதலில் நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள், மிஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்டில் எடுப்பதானால் பதினாறு ஸ்டெப் பட்டன்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக மேலே தள்ளும்போது சத்தம் சீராக ஏறுகிறதா, நடுவில் குதிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.