பழைய ஸ்னோமொபைலுக்குப் புதிய றப்பர் கழுத்தும் ரீட் இதழ்களும்: எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் கூடாது

என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைல், அதாவது பனித்தரையில் ஓடும் வண்டி. இரண்டு சிலிண்டர், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் இரண்டு மிக்குனி கார்புரேற்றர் கொண்ட 600 சீசீ ரோட்டக்ஸ் டூ-ஸ்ட்ரோக் இயந்திரம். சென்ற பனிக்காலத்தில் ஒன்ராறியோவின் சட்பரிக்கு வடக்கேயுள்ள தடமொன்றில் ஓடித் திரும்பியபோது, விசையை விட்ட பின்னும் இயந்திரத்தின் சுழற்சி உடனே இறங்காமல் சில விநாடிகள் உயரத்திலேயே நின்றது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், ஒன்று தேநீர்ச் சாயம் பிடித்ததுபோல் பழுப்பாக இருக்க, மின்சாரம் உண்டாக்கும் மக்னீற்றோப் பக்கத்தில் இருந்தது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்தச் சிலிண்டருக்கு மட்டும் எங்கிருந்தோ கூடுதல் காற்று போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கார்புரேற்றரை இயந்திரத்துடன் இணைக்கும் றப்பர் கழுத்துகள், அதாவது கடைகளில் பூட்ஸ் என்று கேட்டு வாங்குபவை, வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தன. கழற்றி விரல்களால் வளைத்தபோதுதான், கிளாம்ப் என்ற இறுக்கு வளையம் பிடித்திருந்த வரியில் மயிரிழை வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. இதைச் சிறிய கோளாறென்று விட்டுவிட முடியாது. வெப்பநிலை 0 பாகையிலிருந்து −30 பாகைக்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 12 சதவீதம் கூடுவதால், கடுங்குளிரில் கலவையில் பெற்றோலின் பங்கு ஏற்கனவே குறைந்திருக்கும். அதற்கு மேல் வெடிப்பின் வழியாகவும் காற்று நுழைந்தால், பிஸ்டன் அளவு மீறிச் சூடாகி விரிந்து சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். தொலைபேசி அலை எட்டாத காட்டுத்தடத்தில், இருட்டும் நேரத்தில் அப்படி நடந்தால் பழுதாவது இயந்திரம் மட்டுமல்ல, ஓட்டுபவரின் உயிருக்கும் ஆபத்துத்தான்.

முதலில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு சோடியை வாங்கினேன். றப்பர் விறைப்பாக இருந்தது. இயந்திரத்தில் பொருந்தும் தட்டையான முகத்தின் மேல் இரும்பு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, நடுவில் கீற்றாக ஒளி தெரிந்தது. ஆயினும் பூட்டிப் பார்த்தேன். இயந்திரத்தின் அடிப்பகுதியான கிராங்க் அறையை அடைத்து, 6 பீஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றேற்றி, சவர்க்கார நீரைத் தடவியதும் அதே விளிம்பில் குமிழிகள் கிளம்பின. அந்தச் சோடியை அன்றே கழற்றிவிட்டேன்.

பிறகு விற்பனை முகவரிடம் வாங்கிய அசல் கழுத்துகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் வெந்நீரில் சற்று நேரம் போட்டெடுத்துக் கார்புரேற்றரை அழுத்தியபோது, உள்வரிப்பள்ளத்தில் அது "டக்" என்று உட்கார்ந்த விதமே கொடுத்த பணத்துக்கு ஈடாயிற்று. அதே காற்றழுத்தச் சோதனையில் அழுத்தமானியின் முள் அசையவேயில்லை. கிளாம்புகளையும் புதிதாகவே போட்டேன். பழையதை மேலும் இறுக்கினால் புதிய றப்பரையும் அது வெட்டிவிடும்.

கழுத்தைக் கழற்றினால் அதன் பின்னாலேயே ரீட் கூடு, அதாவது கலவையை உள்ளே விட்டுத் திரும்பாமல் தடுக்கும் மெல்லிய ரீட் இதழ்கள் பூட்டிய சட்டம், இருப்பதால் இரண்டு வேலைகளையும் ஒருங்கே முடிப்பதுதான் புத்திசாலித்தனம். என் பழைய இதழ்களில் ஒன்றின் மூலை அரிசிக்குறுணி அளவுக்கு உடைந்து போயிருந்தது. வேறு இரண்டு இதழ்கள் கூட்டின் மேல் படியாமல் நுனியில் தூக்கி நின்றன. இதழ் சரியாக மூடாவிட்டால், உள்ளிழுத்த கலவையின் ஒரு பகுதி கார்புரேற்றர் பக்கமாகவே திரும்பிவிடும். குளிரில் இயந்திரம் கிளம்ப மறுப்பதும், மெதுவான ஓட்டத்தில் திணறுவதும் இதனால்தான்.

இவற்றுக்குப் பதிலாக பாய்சன் நிறுவனத்தின் இரட்டை அடுக்கு நாரிழை இதழ்களைப் போட்டேன். மெல்லிய இதழ் குறைந்த சுழற்சியில் எளிதாகத் திறக்க, தடித்த இதழ் சுழற்சி ஏறும்போது வேலை செய்கிறது. திருகாணிகளுக்கு ஒரு சொட்டுப் பிடிப்புப் பசை கட்டாயம் வேண்டும்; அங்கே கழலும் திருகாணி நேரே கிராங்க் அறைக்குள்தான் விழும். ஆறேழு முறை கயிறு இழுத்த இடத்தில் இப்போது இரண்டாவது இழுப்பிலேயே இயந்திரம் எழுகிறது, தாழ்ந்த சுழற்சியில் இருந்த திணறலும் போய்விட்டது. உச்ச வேகம் முன்பிருந்ததுதான். அதைக் கூட்டும் எண்ணத்தில் நான் இவற்றை வாங்கவுமில்லை. சிலிண்டரைத் தொடாத பகுதிகளுக்கு மலிவான மாற்றுப் பொருள் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. றப்பர் கழுத்துக்கு மட்டும் அசலைத் தவிர வேறொன்றை இனி வாங்க மாட்டேன்.

கைவேலை தெரிந்தவருக்கு இது ஒரு பிற்பகலில் முடியும் வேலை. ரீட் கூட்டில் கசிவைத் தடுக்கும் காகித காஸ்கெற்றுகளை மட்டும் முன்கூட்டியே சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பழையவை கழற்றும்போதே கிழிந்துவிடும்; எனக்கு அந்த இரண்டு காகிதத் துண்டுகளுக்காகவே ஒரு வாரம் காத்திருக்க நேர்ந்தது.