ஸ்க்ரமா, கான்பனா?

மென்பொருள் குழுக்கள் வேலையைத் திட்டமிட்டு நடத்தும் இரண்டு முறைகள் ஸ்க்ரமும் கான்பனும். ஸ்க்ரமில் வேலை ஸ்பிரிண்ட் எனும் குறுகிய காலச் சுற்றுகளாக நகரும்: ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஒரு மாதம், தினமும் 15 நிமிடக் கூட்டம். புதிதாகச் செயலி கட்டும் குழுவுக்கு இந்தத் தாளம் பொருந்தும்.

கான்பன், டொயோட்டாவில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வளர்த்த முறையிலிருந்து வந்தது. ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலை இருக்கலாம் என்பதற்குத்தான் இங்கே வரம்பு. ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக வைக்கும் பலகையில் "சோதனை" பகுதிக்கு 3 என்று எழுதிவிட்டால், நான்காவது அட்டை உள்ளே வரக்கூடாது. தேங்கியதை முடிக்க எல்லோரும் கைகொடுக்க வேண்டும். நள்ளிரவிலும் பிழை வந்து விழும் பராமரிப்புக் குழுவுக்கு நான் இதையே சொல்வேன். இரண்டு வார ஸ்பிரிண்ட் திட்டம் அங்கே இரண்டாம் நாளே கலைந்துவிடும்.

ஸ்க்ரமை விட மனமில்லையா? ஸ்பிரிண்ட்டை வைத்துக்கொண்டு கான்பனின் அந்த வரம்பை மட்டும் சேருங்கள். ஆனால் ஸ்பிரிண்ட் முடிவில் வரும் மீள்பார்வைக் கூட்டத்தை வெட்டிவிடாதீர்கள். எதை மாற்றலாம் என்று குழு மனம்விட்டுப் பேசும் இடம் அதுதான்.