கொய்யாவில் செதில் பூச்சி: மீன் எண்ணெய் சோப்போடு நான்கு வருடம்

பழனி பக்கம் ஆயக்குடியில் நாற்பது கொய்யா மரம் வைத்திருக்கிறேன், எல்லாம் லக்னோ-49 ரகம். 2021 கோடையில் இலைகள் கரி பூசியது போலக் கறுத்தன. பூசண நோய் என்று நினைத்துப் பூசணக்கொல்லி வாங்கி இரண்டு முறை அடித்தேன், பணம்தான் போனது. இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நரம்பை ஒட்டிப் பச்சையாக, தட்டையாகச் செதில் பூச்சிகள். சிலவற்றின் அடியில் பஞ்சு போல முட்டைப் பை. இவை சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கின்றன. அது சொட்டுகிற இலையில்தான் கரும்பூசணம் படர்கிறது.

அன்றிலிருந்து மீன் எண்ணெய் ரோசின் சோப்புதான். லிட்டருக்கு 25 கிராம், 10 லிட்டர் டேங்குக்குக் கால் கிலோ. நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகாது.

முதல் வருடம் இது உதவாது என்றே முடிவு கட்டியிருந்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு திரிதிரியாகத் திரிந்து நாசிலை அடைத்தது. அடுத்த வருடம் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி, சோப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினேன். அதே சோப்புதான், ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

தண்ணீரைவிட முக்கியம் நேரம். சோப்பு பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும், காய்ந்த பிறகு அதற்கு வேலையில்லை. வளர்ந்த செதில் லேசில் சாகாது. முட்டையிலிருந்து வந்து ஊர்ந்து திரிகிற குஞ்சுதான் சாகும். அது வெளிவரும் நேரத்தைத் தெரிந்துகொள்ள, இளங்கிளையில் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி வைக்கிறேன். பொடிப்பொடியாகக் குஞ்சுகள் ஒட்டியிருப்பது லென்ஸில் தெரிந்தால் அன்று சாயங்காலமே அடிப்பேன், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. நாசிலை மேல்நோக்கிப் பிடித்து இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைக்க வேண்டும். ஒருமுறை உச்சி வெயிலில் அடித்துத் தளிரெல்லாம் கருகிவிட்டது. வெயிலில் அடிக்கவே கூடாது.

அடித்த மறுவாரம் பூச்சி அப்படியே ஒட்டியிருக்கிறதே என்று மனம் விட வேண்டாம். செத்தாலும் அது சீக்கிரம் உதிராது. நகத்தால் நசுக்கிப் பாருங்கள். ஈரம் வந்தால் உயிரோடு இருக்கிறது, காய்ந்து பொடியானால் செத்துவிட்டது.

அப்புறம் எறும்பு. இனிப்பு நீருக்காக எறும்புகள் செதிலுக்குக் காவல் இருந்து, அதைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டும். அடிமரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினேன். பட்டையில் நேரடியாகத் தடவாதீர்கள். தரையைத் தொடும் கிளைகளையும் கவாத்து செய்தேன், இல்லையென்றால் அந்த வழியாக ஏறிவிடும்.

மூன்றாம் வருடம் செதிலைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டை மரத்துக்குப் பத்து வீதம் வாங்கி விட்டேன். காப்பிச் செடியின் பச்சைச் செதிலை ஒழிக்க 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த வண்டு இது. இதன் புழு வெள்ளை இழைகளோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். தெரியாமல் பல புழுக்களை நானே நசுக்கிக் கொன்றிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் வருத்தம்தான். வண்டு தெரிகிற மரத்தில் சோப்பு அடிப்பதில்லை, அதன் புழுவும் அதில் சாகும்.

இந்தக் கோடையில் ஆறு மரங்களுக்கு மட்டுமே சோப்பு தேவைப்பட்டது. ஆறும் மண் பாதையோரம் நிற்பவை. அங்கே இலையில் புழுதி படிந்துகொண்டே இருக்கிறது, வண்டும் தங்குவதில்லை. அந்த வரிசைக்கு இப்போது வாரம் ஒருமுறை வெறும் தண்ணீர் பீய்ச்சிப் புழுதியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.