கிணற்று மோட்டாருக்கு எந்த இணைப்பு: விவசாயமா, வணிகமா?

தமிழ்நாட்டில் கிணறும் 5 எச்.பி. மோட்டாரும் ஒன்றாகவே இருந்தாலும், இணைப்பின் வகை மாறினால் கணக்கே தலைகீழ்.

விவசாய இணைப்பில் பில்லே கிடையாது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமான மின்சாரம் இது. (2003இல் கட்டணம் விதித்துப் பார்த்தார்கள்; மறு ஆண்டே விட்டுவிட்டார்கள்.) ஆனால் மூப்பு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாதவர்களுக்குத் தட்கல் இருக்கிறது: 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம் ரூபாய். இலவசத்துக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வணிக இணைப்புக்கு இந்த வரிசை இல்லை. ஆனால் மோட்டார் ஓடாவிட்டாலும் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் வரும். ஓடினாலோ 5 எச்.பி. மோட்டார் மணிக்குக் கிட்டத்தட்ட 4 யூனிட் இழுக்கும். யூனிட் பத்து ரூபாயை ஒட்டி இருக்கையில், தினமும் ஐந்து மணி நேரம் ஓட்டினால் மாதம் ஐந்தாயிரத்தைத் தாண்டும். நெல்லோ கடலையோ இதைத் தாங்காது.

பலர் சறுக்குவது இரண்டுக்கும் நடுவில். இலவச மின்சாரத்தில் இறைத்த தண்ணீரை லாரிக்காரருக்கு விற்றால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். பொருந்தும் கட்டணத்தைப் போல இருமடங்கு கட்ட வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போட்டுவிடுவார்கள்.

பாசனம் மட்டும்தான் என்றால் காத்திருந்து விவசாய இணைப்பே வாங்குங்கள். தண்ணீர் விற்பனையோ கடையோ உண்டென்றால், அதற்குத் தனி மீட்டர் போடுவதே மலிவு.