ஆபரேஷன் முடிந்து உடனே திரும்புவதா, இன்னும் சில நாள் தங்குவதா?

வெளிநாட்டில் அறுவை சிகிச்சை முடிந்ததும் 5 நாளில் கிளம்பலாமா, 3 வாரம் தங்கலாமா? சீக்கிரம் திரும்பினால் அறை வாடகை மிச்சம், வீட்டார் பக்கத்தில் இருப்பார்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை போட்டு, செய்த சிறிய சிகிச்சை என்றால், மருத்துவர் சம்மதித்தால் அந்த 5 நாளே போதும்.

பெரிய ஆபரேஷனா? தங்குவதையே நான் சொல்வேன். தையல் பிரிக்கவே பெரும்பாலும் 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் புண்ணில் சீழ் பிடித்தால், ஆபரேஷன் செய்த மருத்துவரே பார்ப்பது எவ்வளவு நிம்மதி! இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் 4 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்தே வந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அவர்களுக்கு 3 வாரம்கூடக் குறைவுதான்.

அப்புறம், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். விசாவிலும் சில நாள் கூடுதலாக இருக்கட்டும்.