கொப்பியில் இருக்கும் மனமும் மூளை வழியே வரும் மனமும்

மனம் மண்டையோட்டுக்குள் மட்டும்தானா? இல்லை என்பவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

முதலாவது, 1897இல் அமெரிக்க உளவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் ஓர் உரையில் சொன்னது: மூளை உணர்வை உண்டாக்க வேண்டும் என்றில்லை, அரியம் (முப்பட்டகக் கண்ணாடி) ஒளியைக் கடத்துவதுபோலக் கடத்தவும் கூடும். தலையில் அடிபட்டால் நினைவு கலங்குவதும் இதற்குள் அடங்கிவிடும். கடத்தும் பொருள் பழுதாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் உண்டாக்குகிறதா, கடத்துகிறதா என்று சோதித்துப் பிரிப்பது எப்படி? நான் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

இரண்டாவது, 1998இல் மெய்யியலாளர்கள் அண்டி கிளார்க்கும் டேவிட் சால்மர்ஸும் எழுதியது. அல்சைமர் நோயுள்ள ஓட்டோ என்ற கற்பனை மனிதர், அருங்காட்சியகம் 53ஆம் தெருவில் இருப்பதைத் தன் கொப்பியைப் பார்த்துத்தான் அறிகிறார். அந்தக் கொப்பியும் அவர் நினைவில் ஒரு பகுதியே என்கிறார்கள்.

இதை மட்டக்களப்பில், கூத்து ஆடும் வட்டக்களரி ஓரத்தில் நானே கண்டிருக்கிறேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் என் பெயரே வராது. "பெரியப்பா, அடுத்த தரு என்ன?" என்று அடுத்த பாட்டைக் கேட்டால் விழிப்பார். கூத்துக் கொப்பியைக் கையில் கொடுத்து, மத்தளம் ஒலித்து, பிற்பாட்டுக்காரர் ஓரடி எடுத்ததும் மீதி வரிகள் தானாக வந்துவிடும். விரல்பட்டு ஓரம் கறுத்த அந்தக் கொப்பியைப் பறித்துவிட்டு அவருடைய நினைவை அளப்பது நியாயமே இல்லை.

சரி, இதிலும் ஓர் இடைவெளி உண்டு. கிளார்க்கும் சால்மர்ஸும் நினைவையும் நம்பிக்கையையும் பற்றித்தான் பேசினார்கள். பாடும்போது பெரியப்பாவின் கண் கலங்கியதே, அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்காக மறுபடியும் ஜேம்ஸிடம் போகிறேன்.